மரக்கறி உண்ணும் அம்மா, மாட்டிறைச்சி தொடாத அப்பா, ஹோட்டலின் இத்தாலிய உணவகம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பெற்றோரின் திருமண நாளுக்கு அவர்களைக் கோலாலம்பூர் நகர மையத்தில் உள்ள ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் இத்தாலிய உணவகத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக நினைக்கிறீர்கள். அம்மா சுத்த மரக்கறி, அப்பா மாட்டிறைச்சியைத் தொடமாட்டார், தம்பி எதையும் சாப்பிடுவார், உங்களில் ஒருவரும் இதற்கு முன் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எப்படிப் பதிவு செய்வது, எதைக் கேட்பது, நால்வருக்கு எவ்வளவு ஆகும், வெகுமதி கொடுக்க வேண்டுமா, அந்தக் காசுக்கு அது தகுமா என்பவை உங்கள் கேள்விகள். இந்த நகரத்து ஹோட்டல்களின் உணவகப் பிரிவில் நெடுங்காலம் பரிமாறியும் மேற்பார்வை செய்தும் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் பதில் ஒன்றுதான். இத்தகைய உணவகத்தில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு, கேட்டு வாங்கிச் சாப்பிடும் உரிமைக்கான காசு. தட்டில் வரும் மாவும் தக்காளியும் பூண்டும் அவ்வளவு விலை பெறாது என்பது சமைப்பவருக்கும் தெரியும். ஆனால் நம்மவர்களில் பலர் முதல் தடவை போகும்போது கூச்சப்பட்டு, பட்டியலில் புரிகிற ஒரே பெயரான ஸ்பகெத்தியைச் சொல்லி, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தின்று முடித்துவிட்டு, காரில் ஏறிய பிறகுதான் ‘இதற்கா இவ்வளவு?’ என்று பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சை மேசையிலேயே, அதைவிட நல்லது நாலு நாளைக்கு முன்பே தொலைபேசியில் பேசியிருந்தால் சமையலறை அதற்கேற்ப நடந்துகொண்டிருக்கும். மாமாக் கடை என்னும் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ‘தே தாரே (ஆற்றிய தேநீர்), சீனி குறைச்சு’ என்று கூசாமல் சொல்கிற நாம், அதைப்போல் பத்து மடங்கு காசு கொடுக்கும் இடத்தில் வாயை மூடிக்கொள்வது வேடிக்கைதான்.

ஆகவே இணையத்தில் பதிவு செய்தாலும், அதோடு விட்டுவிடாமல் உணவகத்தை நேரடியாக அழைத்துப் பேசுங்கள். மதிய, இரவு நேரக் கூட்டத்தின் நடுவே அழைத்தால் யாரும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்துக்குள் அழைப்பது நல்லது. தொலைபேசியை எடுப்பவரிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்காமல், உணவக மேலாளரிடமோ மேற்பார்வையாளரிடமோ பேச வேண்டும் என்று கேளுங்கள். காதலர் தினம், அன்னையர் தினம், கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஆகிய நாள்களில் பெரும்பாலான ஹோட்டல்கள் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே விலையில் ஒரே வரிசையான உணவைத்தான் கொடுக்கும். மாற்றிக் கேட்க அன்று இடமிருக்காது. நோன்பு மாதத்தில் ஹோட்டலின் ஆள்பலமெல்லாம் நோன்பு துறப்பு விருந்துக்குப் போய்விடும். திருமண நாள் அப்படிப்பட்ட நாளில் விழுந்தால் இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன் இரவுகளில் உங்கள் மேசைக்குக் கிடைக்கும் கவனம் சனிக்கிழமை கிடைக்காது.

இனி அம்மாவின் சாப்பாடு. இதில்தான் மிகவும் கவனம் வேண்டும். முதலில் அம்மாவிடமே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: முட்டை சேர்ந்தால் பரவாயில்லையா, கேக் சாப்பிடுவாரா, பூண்டு வெங்காயம் உண்டா, இது ஆண்டு முழுவதும் உள்ள மரக்கறியா, புரட்டாசிக்கும் தைப்பூச விரதத்துக்கும் மட்டுமா. ‘மரக்கறி’ என்று மட்டும் சொன்னால் இத்தாலியச் சமையலறையில் அதன் பொருள் ‘தட்டில் இறைச்சித் துண்டு தெரியாது’ என்பதோடு நின்றுவிடக்கூடும். பணியாளர் பொய் சொல்லவில்லை. அவர் பார்ப்பது பட்டியலை.

சமையலறைக்குள் நிலைமை வேறு. அடுப்பின் பின்வரிசையில் ஒரு பெரிய பானையில் எலும்புச்சாறு காலையிலிருந்து மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும். காளான் ரிசொட்டோ என்ற குழைந்த சோற்றுக்குச் சமையல்காரர் அரிசியை வெண்ணெயிலோ எண்ணெயிலோ வறுத்து, அந்தப் பானையிலிருந்து ஒவ்வொரு அகப்பையாக ஊற்றி, ஊற்றியது வற்றியதும் அடுத்ததை ஊற்றிக் கிளறுவார். பதினெட்டு, இருபது நிமிடங்களில் கார்னரோலி அரிசி தன் பங்குக்கு மூன்று மடங்கு சாற்றைக் குடித்திருக்கும். மேசைக்கு வரும்போது காளானும் சீஸும்தான் கண்ணில் படும், உள்ளே இருப்பது கோழியோ மாடோ. மிலான் நகரத்துக் குங்குமப்பூ ரிசொட்டோவில் மரபுப்படி மாட்டெலும்பு மச்சையே சேரும். மினெஸ்ட்ரோனே என்ற காய்கறிச் சூப்பிலும் இறைச்சிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ப்பதுண்டு. எனவே தொலைபேசியில் ‘மரக்கறி’ என்று நிறுத்தாமல், ‘இறைச்சிச் சாறு, மீன், நெத்திலி எதுவும் சேரக்கூடாது, ரிசொட்டோவைக் காய்கறிச் சாற்றில் தனியாகச் செய்ய முடியுமா?’ என்று கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் காய்கறிச் சாறு வைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. இரவு எட்டரைக்கு, பதினைந்து மேசைகள் நிறைந்திருக்கும்போது கேட்டால்தான் ‘சாலட் கொடுக்கட்டுமா?’ என்பார்கள். அந்தச் சாலட்டிலும், அது சீசர் சாலட்டானால், மேலே ஊற்றும் கலவைக்குள் நெத்திலி இருக்கும்.

சீஸ் இன்னொரு சங்கதி. பாஸ்தாவின் மேல் துருவிப் போடும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைச் சேர்த்துத்தான் செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதிமுறை. பெகொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. பெஸ்டோ என்ற பேசில் இலைத் துவையலிலும் இவைதான் சேரும். மரக்கறி உண்ணும் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, பேரங்காடியில் பீட்சா சாப்பிடுகிறவர்களுக்கு இது புதிதாகவும் தோன்றாது. ஆனால் அம்மா அதில் கண்டிப்பானவர் என்றால், சாப்பிட்டு முடித்த பிறகு தெரியவருவதைவிட முன்பே தெரிந்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. மஸ்கார்போனே போன்ற ஒருசில சீஸ்கள் எலுமிச்சை அமிலம் போன்ற புளிப்பால் திரிக்கப்படுபவை; அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். தென் இத்தாலியில் ஏழைகளின் வீட்டுச் சமையல் பெரும்பாலும் காய்கறிதான். அம்மாவின் நாக்குக்கு அதுவே ஒத்துவரும். சிசிலியின் கப்போனாத்தா என்பது கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளி, செலரி, கேப்பர் என்ற ஊறவைத்த மொட்டு, வினிகர், கொஞ்சம் சீனியோடு வதக்கிய புளிப்பும் இனிப்புமான கூட்டு. அது பட்டியலில் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். அர்ராபியாத்தா என்ற தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய்ச் சாறும், வெறும் பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த ஆல்யோ ஏ ஓலியோவும் சீஸ் போடாமலே முழுமையானவை. ஸ்பகெத்தி, பென்னே போன்ற சாதாரணக் காய்ந்த பாஸ்தாவில் முட்டை கிடையாது: அது துரும் என்ற கடின கோதுமை ரவையும் நீரும் மட்டும் சேர்ந்தது, இத்தாலியச் சட்டமும் காய்ந்த பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்கிறது. ‘எங்கள் சமையலறையிலேயே பிசைந்தது’ என்று பெருமையோடு சொல்லப்படும் தல்யத்தெல்லே, ரவியோலி, லசான்யா போன்றவற்றில்தான் முட்டை சேரும். முட்டை கூடாது என்றால், ‘புதிதாகப் பிசைந்த பாஸ்தா வேண்டாம், முட்டை சேராத காய்ந்த பாஸ்தாவில் செய்யுங்கள்’ என்று சொல்வதே போதும். மரினாரா என்ற பெயரிடமும் சற்று எச்சரிக்கையாக இருங்கள். நேப்பிள்ஸ் பீட்சாவில் அது தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். நம் ஊர்ப் பட்டியல்களில் அதே பெயரில் இறாலும் கணவாயும் நிறைந்த பாஸ்தா வருவதும் உண்டு.

அப்பாவின் விஷயத்தில் ஒரு மலேசியச் சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகள் எதிலும் இதைப் பார்க்க முடியாது. இந்நாட்டில் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்களும், சான்றிதழ் இல்லாவிட்டாலும் பன்றி சேர்க்காத உணவகங்களும் இத்தாலியப் பன்றி இறைச்சி வகைகளுக்கு மாற்றாகப் பெரும்பாலும் பயன்படுத்துவது மாட்டிறைச்சி. கார்போனாரா என்ற பாஸ்தாவில் க்வான்சாலே என்ற பன்றிக் கன்னத்துக்குப் பதில் மாட்டு பேக்கன், பீட்சாவின் மேல் மாட்டு பெப்பரோனி, ப்ரொஷூட்டோ என்ற உலர்த்திய பன்றித் தொடை இருக்க வேண்டிய இடத்தில் உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி. பன்றி இல்லை என்ற அறிவிப்பைப் பார்த்து நம்மவர்கள் நிம்மதியாகிவிடுவதுதான் நடக்கிறது. வான்கோழி பேக்கனும் சில இடங்களில் உண்டு. எது என்று கேட்க வேண்டும். பன்னா கொத்தா போன்ற இனிப்பை உறையவைக்கும் ஜெலட்டினும் பல சமையலறைகளில் மாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒருசேர ஆகாத இனிப்பு அது.

பட்டியலில் நேரடியாக ‘பீஃப்’ என்று எழுதாத மாட்டிறைச்சி வகைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மான்சோ என்றால் மாடு. வித்தெல்லோ, ஆங்கிலத்தில் வீல், என்றால் கன்று. ஓசோ புக்கோ, சால்திம்போக்கா, மிலான் கட்லெட் ஆகியவை மரபுப்படி கன்றிறைச்சி. பிரசாவொலா உலர்த்திய மாடு. கார்ப்பாச்சோ என்பது வெனிஸ் நகரில் பச்சை மாட்டிறைச்சியை மெல்லச் சீவிப் பரிமாறியதில் தொடங்கிய பெயர். இன்று அதே பெயரில் மீனும் பீட்ரூட்டும் வருகின்றன என்பதால் எதனுடைய கார்ப்பாச்சோ என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போலொஞேசே என்ற இறைச்சிச் சாற்றுக்கு 1982இல் போலோஞா நகர வணிகக் கழகத்தில் பதிவு செய்யப்பட்ட செய்முறையில் மாட்டிறைச்சியும் பன்றியும் இரண்டுமே உண்டு. அப்பாவுக்கு ஆட்டிறைச்சி பிடிக்குமானால் அஞெல்லோ என்று பட்டியலில் இருப்பதைக் கேளுங்கள். விலா எலும்போடு வாட்டிய ஆட்டுக்குட்டி ஹோட்டல் இத்தாலிய உணவகங்களில் அடிக்கடி கிடைக்கும். மீன் பிரியர் என்றால் அக்வா பாட்சா முறையில், அதாவது தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த தண்ணீரில் வேகவைத்த மீன், நம் வீட்டு மீன் சொதிக்குப் பழகிய நாக்குக்கு அந்நியமாகத் தோன்றாது. ஐரோப்பாவிலிருந்து வரும் ப்ரன்சீனோ மீனுக்குப் பதிலாக உள்ளூர்க் கொடுவாயில் செய்து தர முடியுமா என்றும் கேட்கலாம். விலை குறையும், மீனும் புதிதாக இருக்கும்.

மது பற்றி ஒரு சொல். குடிக்காதவர்கள் குடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, அதற்காக உங்களை யாரும் குறைவாக நினைக்கப் போவதுமில்லை. ஆனால் சாறுகளில் வைன் ஊற்றிச் சமைப்பதும், திரமிசு என்ற இனிப்பில் மர்சாலா வைனோ ரம்மோ கலப்பதும் வழக்கம் என்பதால், அம்மாவுக்கு அது ஆகாது என்றால் அதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். திரமிசுவில் பச்சை முட்டையும் உண்டு. தம்பிக்கு ஒரு கோப்பை வைன் வேண்டுமென்றால் போத்தலாக வாங்காமல் கோப்பையாகவே வாங்குங்கள். இந்நாட்டில் மதுவுக்கான கலால் வரி அதிகம் என்பதால் பட்டியலின் அந்தப் பக்கம்தான் பில்லை ஊதவைக்கும்.

மேசையில் உட்கார்ந்த பிறகு, பட்டியல் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருப்பதைக் காண்பீர்கள்: தொடக்க உணவான அந்திபாஸ்தி, பாஸ்தாவும் ரிசொட்டோவும் அடங்கிய ப்ரீமி, இறைச்சி மீன் அடங்கிய செகொந்தி, அதற்குத் துணையான காய்கறிகளாகிய கொந்தோர்னி, இனிப்புகளாகிய தோல்சி. எல்லாவற்றிலும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியர்களே அப்படிச் சாப்பிடுவது கல்யாண வீட்டில்தான். நால்வருக்கு நான் சொல்வது இது: அந்திபாஸ்தியில் இரண்டை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், ஆளுக்கொரு பாஸ்தா அல்லது ரிசொட்டோ, அப்பாவுக்கும் தம்பிக்கும் செகொந்தியில் ஒவ்வொன்று, இனிப்பில் இரண்டோ மூன்றோ. பகிர்ந்துகொள்வதாக முன்பே சொன்னால் சமையலறையிலேயே ஒரு பங்கை இரண்டு தட்டாகப் பிரித்து அழகாக அனுப்புவார்கள். மேசையில் கரண்டியால் அள்ளிப் பரிமாறுவதும் தவறில்லை என்றாலும் பிரித்து வரும் தட்டு சூடாக வரும். முதலில் வரும் ஃபொக்காச்சா ரொட்டியில் கொஞ்சம் அடக்கம் தேவை, ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்னத் தொடங்கினால் பாஸ்தா வரும்போது வயிறு நிறைந்திருக்கும்.

வயதானவர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியது வேக்காடு. இத்தாலிய முறையில் பாஸ்தா பல்லுக்குத் தட்டுப்படும் பதத்தில், நடுவில் மெல்லிய கெட்டியோடு இருக்கும். நம் பெற்றோர்களுக்கு அது வேகாதது போலவே தோன்றும். மாமாக் கடை மீ கோரெங்கில் (வறுத்த நூடுல்ஸில்) பழகிய நாக்கு அது. ‘இன்னும் இரண்டு நிமிடம் வேகவையுங்கள்’ என்று கேட்பது குற்றமில்லை, எந்த நல்ல சமையல்காரரும் மறுக்கமாட்டார். ஸ்பகெத்தியை முள்கரண்டியில் சுற்றி எடுப்பது பழகாதவருக்குச் சிரமம் என்பதால் பென்னே, ரிகத்தோனி, காது வடிவிலான ஓரெக்கியெத்தே போன்ற குட்டை வகைகளில் அதே சாற்றைக் கேளுங்கள். ஓரெக்கியெத்தே புதிதாகப் பிசைந்ததானாலும் மரபுப்படி அதில் முட்டை இல்லை. காரம் போதாது என்று அப்பா நினைத்தால் மிளகாய்த் தூளோ மிளகாய் ஊறிய எண்ணெயோ கேட்டால் தருவார்கள். கலாப்ரியா பகுதிச் சமையலில் மிளகாய் தாராளமாகப் புழங்குகிறது, ஆகவே இத்தாலியச் சமையலுக்கு மிளகாய் ஒவ்வாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடலுணவுப் பாஸ்தாவின் மேல் சீஸ் துருவுவதை மட்டும் அவர்கள் விரும்புவதில்லை. வேண்டுமென்றால் கேளுங்கள், முகம் சற்றுச் சுளித்தாலும் கொண்டுவருவார்கள்.

பணியாளர் வாய்மொழியாகச் சொல்லும் ‘இன்றைய சிறப்பு’களுக்கு விலை கேட்கத் தயங்காதீர்கள். குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை இத்தாலியின் ஆல்பா பகுதியிலிருந்து வெள்ளை ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளான் வரும். அதை மேசைக்கே கொண்டுவந்து, மூடியைத் திறந்து மணக்க வைத்து, ‘சீவட்டுமா?’ என்பார்கள். அது கிராம் கணக்கில் விற்கப்படுவது; கையைக் காட்டி நிறுத்தாதவரை சீவல் தொடரும், சீவலோடு கணக்கும் ஏறும். மாறாக, ஆண்டு முழுவதும் ‘ட்ரஃபிள் எண்ணெய்’ என்ற பெயரில் உருளைக்கிழங்குப் பொரியலிலிருந்து பீட்சா வரை தெளிக்கப்படுவது பெரும்பாலும் செயற்கை மணப்பொருள் சேர்த்த எண்ணெய்தான். அதற்கென்று கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரும் அப்படித்தான். ‘ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?’ என்று கேட்டால் இரண்டுமே விலை போட்ட போத்தல். ஒரு போத்தலின் விலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். சாதாரணக் குடிநீர் வேண்டும் என்று சொன்னால் பல இடங்களில் தருவார்கள், ஒருசில இடங்களில் இல்லை என்பார்கள். கேட்பதில் கெட்டுப்போவது எதுவுமில்லை.

இப்போது பில். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதன் மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேரும். 2024 மார்ச் முதல் தேதியிலிருந்து சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது என்றாலும் உணவு, பானங்களுக்கு அது பழைய 6 விழுக்காட்டிலேயே நீடிக்கிறது. ஆகவே பட்டியலில் 800 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டால் கையிலிருந்து போவது ஏறத்தாழ 930. நான் மேலே சொன்ன அளவில் நால்வர், மது இல்லாமல், இரவில் சாப்பிட்டால் எல்லாம் சேர்த்து 900 முதல் 1,100 ரிங்கிட் வரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கனமாகத் தோன்றினால் வேலை நாள்களில் அதே உணவகம் தரும் மதிய வரிசை உணவைப் பாருங்கள். அதே சமையலறை, அதே கைகள், ஆனால் விலை பெரும்பாலும் இரவில் ஆவதில் பாதியை ஒட்டியே இருக்கும். ஹோட்டலின் உறுப்பினர் அட்டையோ வங்கிக் கடன் அட்டைச் சலுகையோ இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், பில் வந்த பிறகு நீட்டினால் ‘இன்று செல்லாது’ என்பதற்கான சிறிய எழுத்து எங்காவது இருக்கும்.

சேவைக் கட்டணம் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெகுமதி கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மலேசிய ஹோட்டல்களில் அந்த 10 விழுக்காடு மாதம் முழுவதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு பணியாளருக்கும் உள்ள ‘பாயிண்ட்’ கணக்கின்படி பகிரப்படும். பரிமாறுபவருக்கு மட்டுமல்லாமல் பாத்திரம் கழுவுபவருக்கும் அறை கூட்டுபவருக்கும் அதில் பங்குண்டு. கூட்டம் குறைந்த மாதத்தில் ஒரு பாயிண்டின் மதிப்பு சரிந்தால் வீட்டுச் செலவு இடிக்கும் என்பதை அந்த வேலையில் இருந்த எவரும் சொல்வார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபின், இந்தப் பணத்தையே சம்பளத்தின் ஒரு பகுதியாகக் காட்ட ஒரு ஹோட்டல் நிறுவனம் முயன்று, ஹோட்டல் பணியாளர் தொழிற்சங்கம் எதிர்த்து, வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. சேவைக் கட்டணம் பணியாளர்களுடையது, அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று 2021இல் தீர்ப்பு வந்தது. ஆகவே பில்லில் சேவைக் கட்டணம் இருக்கும்போது மேலும் வெகுமதி வைப்பது கடமை இல்லை. அம்மாவுக்காகத் தனியாகச் சாறு வைத்துக் கொடுத்தார்கள் என்று மனம் நிறைந்தால் மேசையில் கொஞ்சம் வையுங்கள், அல்லது பணியாளரின் பெயரைக் குறிப்பிட்டு மேலாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பின்னது பதவி உயர்வு பேசும் நேரத்தில் அவருடைய கோப்பில் இருக்கும்.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அப்பாவுக்கு நீளக்கை பாத்திக் சட்டையும் காற்சட்டையும் மூடிய காலணியும் போதும். பாத்திக் இந்நாட்டில் எந்த விருந்துக்கும் ஏற்ற உடை. அரைக்காற்சட்டையும் சிலிப்பரும் போட்ட ஆண்களைத்தான் வாசலில் நிறுத்துவார்கள். அம்மா சேலையில் வந்தால் அந்த அறையிலேயே நன்றாக உடுத்தியவர் அவராகத்தான் இருப்பார், ஒரு சால்வையை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், ஹோட்டல் குளிரூட்டி இரக்கம் பார்ப்பதில்லை. பதிவு செய்யும்போதே குளிர்க்காற்று நேரே அடிக்காத மேசை கேட்பது நல்லது. முள்கரண்டி, கத்திகளை வெளியிலிருந்து உள்ளே வரிசையாக எடுங்கள். தவறினால் பணியாளர் சத்தமில்லாமல் வேறொன்று வைத்துவிட்டுப் போவார். ரொட்டியையும் பீட்சாவையும் கையால் தாராளமாகச் சாப்பிடலாம்.

காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கு என் கணிப்பு இது. வெறும் சுவையை மட்டும் தேடுகிறவர் என்றால் பங்சார், தாமான் துன் பக்கம் இத்தாலியர்களும் உள்ளூர்ச் சமையல்காரர்களும் நடத்தும் சிறிய உணவகங்களிலேயே இதைவிடக் குறைந்த விலையில் இதற்கு இணையான பாஸ்தாவைச் சாப்பிடலாம். ஹோட்டல் பாஸ்தாவுக்குத் தனி மாயம் எதுவும் கிடையாது. ஹோட்டலில் கூடுதலாகக் கிடைப்பவை வேறு. அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் மின்தூக்கி வாசலிலிருந்து மேசைவரை ஒரு படிகூட இருக்காது, கழிப்பறை அருகிலும் சுத்தமாகவும் இருக்கும், மேசைகளுக்கு இடையே இடமிருப்பதால் பேசுவது காதில் விழும், இனிப்புக்கென்று தனிச் சமையலறை இருப்பதால் முட்டையில்லாத கேக்கையும் சொல்லி வைக்கலாம், சொன்னது நடக்காவிட்டால் மேலே முறையிட ஒரு நிர்வாகம் இருக்கிறது. இரண்டு வயதானவர்களும் இரண்டு வகை உணவுக் கட்டுப்பாடும் உள்ள உங்கள் மேசைக்கு, முன்கூட்டியே பேசிவிட்டுப் போவீர்களானால், தகும் என்றுதான் சொல்வேன். பேசாமல் போவதாக இருந்தால் அந்தக் காசுக்குப் பெற்றோருக்கு ஆளுக்கொரு நல்ல உடை எடுத்துக் கொடுக்கலாம்.

எந்த ஹோட்டல் என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று தெரிகிறது. ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஷெராட்டன் இம்பீரியலின் வில்லா டனியேலி, புக்கிட் பிந்தாங்கில் வெஸ்டினின் ப்ரெகோ, கேஎல் சென்ட்ரலில் லெ மெரிடியனின் ஃபவோலா ஆகியவை இந்த வகையில் நெடுங்காலமாகப் பேசப்படும் பெயர்கள். மூன்றின் பட்டியலையும் திறக்கும் நாள்களையும் கேட்டு, யார் உங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்களோ அங்கே பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் அவசரப்படுத்துகிறவர்கள் மேசையிலும் அவசரப்படுத்துவார்கள்.

கேக்கை வெளியிலிருந்து கொண்டுபோவதாக இருந்தால் வெட்டிப் பரிமாறக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டலிலேயே முட்டையில்லாத கேக் சொல்வதானால் குறைந்தது இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள், அதிலும் ஜெலட்டின் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் அந்தச் சாலைகளில், அதுவும் மழை பிடித்துக்கொண்டால், கார் நகராது. ஏழரைக்குப் பதிவு என்றால் ஆறு மணிக்கே கிளம்பி விடுதிக் கூடத்தில் உட்கார்ந்திருங்கள், இல்லையேல் வெஸ்டினுக்குப் புக்கிட் பிந்தாங் எம்ஆர்டி ரயில் நிலையமும் லெ மெரிடியனுக்குக் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையமும் கைகொடுக்கும். காரில்தான் வருவீர்கள் என்றால் நிறுத்துமிடச் சீட்டைப் பில் கொடுக்கும்போது பணியாளரிடம் காட்டிச் சலுகை முத்திரை கேளுங்கள், பெரும்பாலான ஹோட்டல்கள் உணவகத்துக்கு வருபவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துத் தரும். போகும் நாளன்று காலையில் ஒருமுறை அழைத்து, அம்மாவுக்கான காய்கறிச் சாறும் அப்பாவுக்கான குறிப்பும் அன்றைய சமையல்காரருக்குச் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பு பேசிய மேலாளருக்கு அன்று விடுமுறையாக இருக்கலாம்.